மாதம் மாறி அச்சான சிப்பிக் குஞ்சுகள்

எஸ்டீம்ட் டாக்டர்

நான் கல்லூரி நூலகராக இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்து அதிகம் சிரித்தவர் விலங்கியல் துறைத் தலைவர் தங்கசாமி சார்தான். ஆரல்வாய்மொழிக்காரர். அந்தக் கணவாய்க் காற்றுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகியதாலோ என்னவோ, எங்கே நின்றாலும் சத்தமாகத்தான் பேசுவார். நூலகத்தில் ‘அமைதி’ என்று நான் எழுதி ஒட்டிய பலகைக்கு நேர் கீழே நின்றும் அப்படித்தான். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு அவர் பேச்சைக் கேட்பார்கள். நானும் கேட்பேன்.

ஒரு நாள் காலையில் மொபைலை நீட்டிக்கொண்டே வந்தார்.

“சரோஜம் மேடம், இத ஒண்ணு வாசியுங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு வாசியுங்க.”

ஒரு மின்னஞ்சல். ‘எஸ்டீம்ட் டாக்டர்’, அதாவது ‘மதிப்புக்குரிய டாக்டர்’, என்று தொடங்கியது. விலங்கியலில் அவருடைய ஒளிவீசும் பங்களிப்பைக் கண்டு வியந்தார்களாம். தங்களுடைய சர்வதேச ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு அவர் அசோசியேட் எடிட்டராக வந்தால் பெருமைப்படுவார்களாம்.

“இத்தன வருசமா இந்தக் காலேஜில இருக்கேன். எஸ்டீம்ட்னு ஒருத்தன் சொன்னதில்ல பாத்துக்கிடுங்க. எனக்க வீட்டுக்காரிகூடச் சொன்னதில்ல.”

அவருடைய சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் ஆய்வகத்தில், ஒரே ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு, நம் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி நேர்த்தியான கட்டுரைகள் எழுதியவர். அவற்றை நம் மாவட்டத்திலேயே நாலு பேர் படித்திருந்தால் அதிகம். அப்படிப்பட்டவரை எங்கிருந்தோ ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புகழ்ந்தால் மனம் குளிரத்தானே செய்யும்?

இருந்தாலும் சொன்னேன். “சார், இந்த மாதிரி மெயில் எனக்கும் வருது. போன வாரம் இதய ஆப்பரேஷன் மாநாட்டில பேசக் கூப்பிட்டிருக்காவ. நான் டாக்டரும் இல்ல. கத்தியெடுத்தா வெங்காயத்தையே ஒழுங்கா வெட்ட மாட்டேன்.”

“அது வேற மேடம். இவன் எனக்க நண்டுக் கட்டுரைக்க தலைப்பச் சொல்லி எழுதியிருக்கான். வாசிக்காமலா எழுதுவான்?”

தலைப்பை மட்டும் பொறுக்கி எடுத்து மின்னஞ்சலில் சேர்க்க மென்பொருள் இருக்கிறது என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்து கல்லூரி முழுக்கக் கொடுத்தார். எனக்கு இரண்டு.

அனிஷாவின் ஆய்வு

அப்போது அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவள் சகாய அனிஷா. மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அவள் அப்பா சூசை, கடலில் முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்து எடுக்கிறவர். மகளுடைய ஆய்வும் அதே சிப்பிதான். மாதம் தவறாமல் ஒரே பாறைகளிலிருந்து ஒரு கையகல அளவுக்குச் சுரண்டி அப்பா கொண்டுவந்து கொடுப்பார். அதில் எத்தனை சிப்பிக் குஞ்சுகள் புதிதாக ஒட்டியிருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணி, மாதப் பெயர் எழுதிய கண்ணாடிக் குப்பியில் போட்டு வைப்பாள்.

எண்ணி எண்ணி அவள் கண்டுபிடித்தது இதுதான். அவள் ஊர்ப் பாறைகளில் குஞ்சுகள் அதிகம் வந்து ஒட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். மழை ஓய்ந்து கடல் தெளிந்து, சிப்பி எடுக்கப் பலரும் இறங்குகிற அதே நேரம். பெரிய சிப்பியைச் சுரண்டும்போது கடுகளவு குஞ்சுகளும் கூடவே பெயர்ந்து வீணாகும். அந்த இரண்டு மாதம் பாறையை விட்டுவைத்தால் அடுத்த வருடம் சிப்பி பெருகும். அந்தக் கரைக்கு அதுவரை யாரும் எழுதி வைக்காத விஷயம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. பிரின்சிபாலின் நெருக்கடி தனி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே பல்லவி பாடுவார்.

“அக்ரெடிட்டேஷன் கமிட்டி தரம் பாக்க வரப்போவுது. பப்ளிகேஷன் எண்ணிக்கை கூடணும். எதுல போடுதீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.”

கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே இளையவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் ஆக்சஸ் என்பது கெட்ட வார்த்தை அல்ல. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்பதுதான் அதன் பொருள். அதை நேர்மையாக நடத்துகிறவர்கள் நிறையப் பேர். எங்களைப் போன்ற சின்ன நூலகங்கள் பிழைத்ததே அவர்களால்தான். அதே பெயரை மாட்டிக்கொண்டு, எழுதியவரிடம் கட்டணம் வாங்கிவிட்டு, படித்துப் பார்க்காமலே இணையத்தில் ஏற்றுகிற கூட்டம் வேறு. பிரிடேட்டரி ஜர்னல், வேட்டையாடும் பத்திரிகை, என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பத்திரிகைக்குரிய ஐஎஸ்எஸ்என் எண் இருக்கும். இம்பாக்ட் ஃபேக்டர் என்று ஏதோ ஒரு தர எண் போட்டிருக்கும். உலக உருண்டையின் படம் கட்டாயம் இருக்கும்.

தங்கசாமி சார் அனிஷாவின் கட்டுரையைத் தன்னை எடிட்டராக்கிய ஜர்னலுக்கே அனுப்பச் சொன்னார். நம்ம பிள்ளையின் கட்டுரை நம்ம பத்திரிகையில் வரட்டுமே என்கிற ஆசைதான். வேறொன்றுமில்லை.

வெரி நைஸ் ஆர்டிகிள்

அந்த வாரமே கட்டுரையை ஏற்றுக்கொண்டு கடிதம் வந்துவிட்டது. அனிஷா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சார் பின்னாலேயே வந்தார். எனக்கு அந்த வேகமே சரியாகப் படவில்லை.

“சார், கட்டுரைய வாசிச்சுப் பாத்த ரிவியூவர் என்ன எழுதியிருக்காவ?”

“வெரி நைஸ் ஆர்டிகிள்.”

“பின்ன?”

“அவ்வளவுதான்.”

“உங்க நண்டுக் கட்டுரைய முன்ன ஒரு நல்ல ஜர்னலுக்கு அனுப்பினீங்களே, அப்பம் என்ன கேட்டாவ?”

“அத ஏன் கேக்கீங்க! எனக்க உசிர எடுத்துட்டான். நண்டுக்க கால எந்த மூட்டில இருந்து அளந்தேன்னுகூடக் கேட்டான் சவம்.”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் சந்தேகம் தட்டியது தெரிந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“சார், நீங்க அங்க எடிட்டர் ஆயி இத்தன மாசம் ஆச்சு. வாசிச்சுச் சொல்லுங்கன்னு உங்களுக்கு எத்தன கட்டுரை அனுப்பினாவ?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“ஒண்ணும் வரல்ல மேடம்.”

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஜர்னலின் பக்கத்தைத் திறந்து இருவரும் பார்த்தோம். ஒரே இதழில் பாலம் கட்டுகிற கான்கிரீட், பல் வைத்தியம், சங்க இலக்கியம், கோழித் தீவனம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றிருந்தார்கள். எல்லாக் கட்டுரையும் வெரி நைஸ்தான் போலிருக்கிறது.

அனிஷா அலமாரிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சார் அவளைப் பார்த்துச் சொன்னார். “மக்ளே, நான் ஏமாந்துட்டேன். உன்னையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

“சவத்த விடுங்க சார். திருப்பி வாங்கிருவோம்” என்றாள் அவள்.

திருப்பி வாங்க முடியவில்லை. கட்டுரையை வாபஸ் வாங்குகிறோம் என்று எழுதினால், வாபஸ் வாங்குவதற்கும் கட்டணம் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று சார் எழுதினார். அடுத்த வாரம் கட்டுரை இணையத்தில் ஏறிவிட்டது. முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு பணத்துக்கு நெருக்குவது அவர்களுடைய வழி. அனிஷாவுக்கு அதைத் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை. எங்களுக்கும்தான். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

ஊர்த் தீர்மானம்

பிப்ரவரி மாதம். ஒரு திங்கட்கிழமை அனிஷா கையில் ஜெராக்ஸ் தாள்களோடு நூலகத்துக்குள் வந்தாள்.

“மேடம், ஊர்ல மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசம் யாரும் சிப்பி எடுக்கப்பிடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாவ. நேத்து பூசை முடிஞ்சு வாசிச்சாச்சு. எனக்க கட்டுரையப் பாத்துத்தானாம்.”

“நீ செப்டம்பர், அக்டோபர்னுதான எழுதியிருந்த?”

தாளை விரித்துக் காட்டினாள். அவள் எழுதிய அட்டவணையை அந்த ஜர்னலில் யாரோ பக்கத்துக்குத் தோதாக இரண்டாக உடைத்திருக்கிறார்கள். உடைத்ததில் கீழ்ப்பாதி எண்கள் மேலே போய்விட்டன. மாதப் பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. செப்டம்பரின் எண் மார்ச்சுக்கு நேராக. அக்டோபரின் எண் ஏப்ரலுக்கு நேராக. பத்தி பத்தியாக அவள் எழுதியிருந்த விளக்கத்தில் பாதியைக் காணவே இல்லை. அட்டவணையை நம்பிப் படிக்கிறவருக்கு அவள் கண்டுபிடித்ததெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

ஊர்க் கமிட்டிச் செயலாளர் லாரன்ஸ், மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இணையத்தில் எதையோ தேடப் போய் இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. நம்ம சூசையின் மகள் எழுதியது என்று பெருமை தாங்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கமிட்டிக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்து, படித்து விளக்கி, தீர்மானமும் போட வைத்துவிட்டார். வேறு யார் செய்வார்கள்? அந்த ஆள் செய்தது அத்தனையும் நல்ல காரியம். கையில் கிடைத்த தாள்தான் தப்பு.

மார்ச்சும் ஏப்ரலும் கடல் அமைதியாகக் கிடக்கிற மாதங்கள். முங்குகிறவர்களுக்கு அப்போதும் கை நிறைய வேலை. அதை நிறுத்திவிட்டு, குஞ்சு ஒட்டுகிற செப்டம்பரில் சுரண்டினால் வருமானமும் போகும், அடுத்த வருடத்துச் சிப்பியும் போகும்.

“அப்பா ஒண்ணும் சொல்லல்லியா?” என்று கேட்டேன். மாதாமாதம் சுரண்டிக் கொடுத்தவர் அவர்தானே.

“கேட்டேன் மேடம். ‘நீ செப்டம்பர்னு சொன்னதாத்தான் எனக்கு ஓர்மை. ஆனா அச்சில வந்திருக்கே மக்ளே, பிறவு நீ சரியா எண்ணிப் பாத்து மாத்தியிருப்பன்னு நெனச்சேன்’னு சொல்லுதாரு. முங்குத கண்ணாடியத் தொடச்சு பரண்ல வச்சிட்டாரு.”

அப்போதுதான் அவள் அழுதாள்.

தொலைபேசியில் ஒரு பெண்

தங்கசாமி சார் அசோசியேட் எடிட்டர் என்கிற முறையில் ஜர்னலுக்கு எழுதினார். அட்டவணை தப்பு, உடனே திருத்துங்கள், ஊர் மக்களின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று. பதில் நிமிடத்தில் வந்தது. ‘எஸ்டீம்ட் டாக்டர், உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை அனுப்பியதற்கு நன்றி.’ அவர் கடிதத்தையே கட்டுரையாக எடுத்துக்கொண்டிருக்கிறது இயந்திரம்.

இணையப் பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. என் மேசையிலிருந்தே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். இவர் ஆங்கிலத்தில் அட்டவணையை விளக்கினார். கரெக்ஷன் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி மறுபடியும் சமர்ப்பிக்க வேண்டும் என்றாள். இவருக்குக் கோபம் வந்து பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டார்.

“எம்மா, உங்க எடிட்டர் யாராவது இருந்தா குடு. வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட குடு.”

அந்தப் பக்கமிருந்து தாழ்ந்த குரலில், நல்ல தமிழில் பதில் வந்தது.

“சார், இங்க படிக்கறவங்க யாரும் இல்ல சார். நாங்க நாலு பொண்ணுங்க. ஃபார்மட் மட்டும்தான் பண்றோம். ஒரு நாளைக்கு இத்தனைன்னு முடிக்கணும். டேபிள் உடைஞ்சா நாங்களே ஒட்டிடுவோம். உங்களுது என் கையில வந்ததான்னுகூட எனக்குத் தெரியல சார்.”

சாரின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “நீ என்ன படிச்சிருக்க மக்ளே?” என்று கேட்டார்.

“எம்.எஸ்ஸி. பயோடெக் சார். நானும் பிஎச்.டி. சேரணும்னுதான் இருந்தேன்.” யாரோ வருகிறார்கள் போலும். மறுபடியும் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சார் மொபைலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

“இனி இவனுக்கு எழுதிப் பிரயோசனம் இல்ல. ஊருக்குப் போவோம்.”

பிரின்சிபாலுக்கு அது பிடிக்கவில்லை. “தங்கசாமி, அச்சில வந்தது தப்புன்னு நீங்களே போய்ச் சொன்னா காலேஜுக்க பேரு என்ன ஆவும்? அந்தக் கட்டுரைய நம்ம கணக்கில சேத்தாச்சு.”

“சேத்தத எடுத்துருங்க சார். மார்ச்சில அடுப்பெரியாம இருக்கப் போறது அக்ரெடிட்டேஷன் கமிட்டிக்க வீட்டில இல்ல.”

பிரின்சிபால் முகத்தைச் சுளித்தார். ஆனால் எடுத்தார். அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஜர்னல்களில் வந்ததையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார். எண்ணிக்கை பாதியாகச் சுருங்கியது.

சமூகக்கூடத்தில்

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலை அடுத்த சமூகக்கூடத்தில் ஊர் கூடியது. சார், அனிஷா, நான். துறையின் நல்ல மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார் சார். பள்ளத்தில் வண்டி விழுந்தபோதெல்லாம் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். அனிஷா தன் கண்ணாடிக் குப்பிகளை மீன் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

சார்தான் முதலில் பேசினார். மைக் தேவைப்படவில்லை.

“நீங்க வாசிச்ச தாள்ல மாசம் மாறிக் கெடக்கு. இந்தப் பிள்ளை எண்ணினதும் எழுதினதும் சரி. அந்தப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னது நான். அதில எடிட்டர்னு எனக்க பேரும் கெடக்கு.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “அப்பம் நீருதான எடிட்டர்? மாத்திப் போடும் சாரே.”

“அதுக்குத்தான் எனக்கு அதிகாரம் இல்ல அண்ணே. பேரு மட்டும்தான் எனக்கது.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

லாரன்ஸ் சிரிக்கவில்லை. கையில் அந்த ஜெராக்ஸ் தாள். “கம்ப்யூட்டர்ல வந்தது பொய், நீங்க வாயால சொல்லுதது உண்மைன்னா நாங்க எத நம்ப? நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதுவும் தப்புன்னு சொன்னா?”

நியாயமான கேள்வி. அனிஷா மேசையில் குப்பிகளை ஜனவரியிலிருந்து வரிசையாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

“எங்களையும் நம்ப வேண்டாம் அண்ணே. வந்து பாருங்க. இது எனக்க அப்பா சுரண்டித் தந்தது. எந்தப் பாறைன்னு உங்களுக்கே தெரியும். மார்ச் குப்பிய முதல்ல பாருங்க. பிறவு செப்டம்பர் குப்பிய.”

லாரன்ஸ்தான் முதலில் குனிந்தார். மார்ச்சில் ஒன்றிரண்டு. செப்டம்பர் குப்பியைத் தட்டில் கொட்டி வைத்ததும் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. முங்குகிறவர்கள், மீன் விற்கிற பெண்கள், கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர். பிலோமினா என்கிற மீன்காரம்மா பார்த்துவிட்டுக் கத்தினார்.

“யம்மா! கடுகு கணக்கா இருந்துக்கிட்டு, பாறையப் பிடிக்கக் கயிறு கெட்டியிருக்கு பாருங்கட்டி!”

அனிஷா சிரித்துக்கொண்டே அந்த நூல் எப்படி வருகிறது என்று விளக்கினாள். சூசை கடைசியாக வந்தார். பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். “அப்பம் எனக்க ஓர்மை சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

உடனே எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. செப்டம்பரில் கடலுக்குப் போகாமல் எதைத் தின்பது என்று இளவட்டங்கள் சத்தம் போட்டார்கள். வெகுநேரம் பேசி, மார்ச், ஏப்ரல் தீர்மானத்தை எடுத்தார்கள். செப்டம்பர், அக்டோபரில் வடக்குப் பக்கத்துப் பாறைகளை மட்டும் தொடாமல் விடுவது, தெற்குப் பக்கம் எடுத்துக்கொள்வது, மறு வருடம் இரண்டையும் பார்த்து முடிவு செய்வது என்று ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு லாரன்ஸ் தனியாக நின்றார். “ஊருக்கு நல்லது செய்யலாம்னுதான் நெனச்சேன் பிள்ளே. நாணக்கேடாப் போச்சு” என்றார்.

“அண்ணே, அச்சில வந்த எனக்க கட்டுரைய உலகத்திலேயே முழுசா வாசிச்சது நீங்க ஒருத்தர்தான். அச்சுப் போட்டவங்ககூட வாசிக்கல்ல” என்றாள் அனிஷா.

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சாயா வாங்கப் போனார்.

ஒரு மனுசன் வாசிச்சிருக்கான்

ஊர்ச் சிக்கல் தீர்ந்தது. அவளுடைய பட்டச் சிக்கல் தீரவில்லை. ஒருமுறை அச்சான ஆய்வை மறுபடியும் அச்சிடுவது தவறு. எந்த ஜர்னல் நேர்மையானதோ அதுதான் முதலில் மறுக்கும். நானும் சாரும் யோசித்துவிட்டு, அனிஷாவையே உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னோம். ஒரு நல்ல கடலியல் ஜர்னலின் ஆசிரியருக்கு, நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள்.

ஆசிரியரே பதில் எழுதினார். பழைய எண்களை மட்டும் வைத்துப் புதுக் கட்டுரை ஏற்க முடியாது, இன்னொரு வருடம் எண்ணுங்கள், தொடாமல் விட்ட பாறையையும் எடுத்த பாறையையும் ஒப்பிடுங்கள், முதல் வருடத்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையிலேயே சொல்லுங்கள், அப்போது அது புதிய ஆய்வு, பார்க்கிறோம் என்று.

இன்னொரு வருடம் என்றால் சும்மாவா? உதவித்தொகை நின்றுவிட்டது. புதுக்கடை என்கிற ஊரில் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தாள். வாரக் கடைசியில் ஆய்வகம். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அதே மாதிரி வெரி நைஸ் ஜர்னல்களில் எழுதித்தான் ஆனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அவள் குஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள்.

கட்டுரையை அனுப்பிப் பல மாதங்களுக்குப் பிறகு ரிவியூ வந்தது. பக்கம் பக்கமாகக் கேள்வி. பாறையின் சரிவு என்ன, அலை அடிக்கிற பக்கமா மறைவான பக்கமா, ஒரே ஆள்தான் சுரண்டினாரா, இரண்டு முறை எண்ணிப் பார்த்தீர்களா, மூன்றாம் பத்தியில் சொன்னதும் ஆறாம் பத்தியில் சொன்னதும் ஏன் ஒத்துப்போகவில்லை. அனிஷா தாள்களை என் மேசையில் போட்டுவிட்டு, “என்னால முடியாது மேடம்” என்று கண்ணைத் துடைத்தாள்.

தங்கசாமி சார் அதை எடுத்து நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பிறகு நூலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“ஏட்டி, அழுதியா? இதுக்குப் போய் அழுதியா? வாசிச்சிருக்கான் பாரு! ஒரு மனுசன் உக்காந்து ஒவ்வொரு வரியா வாசிச்சிருக்கான்! உனக்க பாறை எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு எங்கயோ இருக்கவன் கவலப்படுதான் பாத்தியா!”

அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த ரிவியூவர் யாரென்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. சாருக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஒரு தூக்குவாளி முந்திரிக்கொத்து போயிருக்கும்.

எல்லாக் கேள்விக்கும் அனிஷா பதில் எழுதினாள். பாறையின் சரிவை அளக்க சூசை இன்னொரு முறை முங்கினார். கட்டுரை வந்தது. பட்டமும் வந்தது.

இப்போது

நானும் சாரும் ஓய்வு பெற்றாயிற்று. அந்த ‘வெரி நைஸ்’ ஜர்னலின் ஆசிரியர் குழுவில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. எத்தனையோ முறை எழுதியும் எடுக்கவில்லை. அனிஷாவின் ஊரில் வடக்குப் பாறைகளை இப்போதும் அந்த இரண்டு மாதம் தொடுவதில்லை. தெற்குப் பாறைகளுக்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஜர்னல் நல்லதா கெட்டதா என்று என்னிடம் இன்றும் பிள்ளைகள் கேட்டு வருவார்கள். நம்பகமான ஜர்னல்களின் பட்டியலில் இருக்கிறதா, தர எண் சரியா என்று பார்க்கச் சொல்வேன். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியல் மாறும், எண்ணைக் காசு கொடுத்தும் வாங்கலாம். அதனால் கூடவே ஒன்று கேட்பேன். அங்கே உன்னுடைய கட்டுரையை யார் வாசிக்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் தெரியாத இடத்துக்கு, எண்ணிச் சேர்த்த எதையும் அனுப்பாதே.

அனிஷா இப்போது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். போன மாதம் கூப்பிட்டாள்.

“மேடம், ஒரு ஜர்னல்ல இருந்து ரிவியூ செய்யச் சொல்லி ஒரு கட்டுரை வந்திருக்கு. பேர மறைச்சு அனுப்பியிருக்காங்க, யாருன்னு தெரியாது. காயல் நத்தையப் பத்தி. எண்ணினது நல்லா எண்ணியிருக்கு. எழுதினதுதான் ஒரே குழப்பம். வேண்டாம்னு எழுத மனசு வரல்ல. என்ன செய்ய?”

“நீ எத்தன தடவ வாசிச்ச?”

“மூணு தடவ.” தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“வைக்கட்டா மேடம்? இன்னொரு தடவ வாசிச்சிட்டு எழுதுதேன்.”